மைசூர் சமஸ்தானத்து வியாபாரப் பத்திரிகையும் நம் வீட்டுச் சிட்டையும்

வியாபார நிர்வாகப் பத்திரிகை என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? விமான நிலையக் கடையில் வழுவழு அட்டையோடு தொங்கும். அட்டையில் கோட்டு போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். பக்கத்தில் "தலைமைப் பண்பு", "வெற்றி", "புதுமை" என்று பெரிய எழுத்தில் நாலு வார்த்தை. ஐந்து மணி நேரம் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தால் வாங்குவோம். இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டு வருவோம். :-)

இந்தப் பதிவு அந்த மாதிரிப் பத்திரிகைகளைப் பற்றித்தான். ஆனால் கதையை நியூயார்க்கில் தொடங்கப் போவதில்லை. மைசூரில் தொடங்கப் போகிறேன். அங்கே இரண்டு வருஷம் எம்.பி.ஏ. படித்தவன் என்ற உரிமையில். (2014 நவம்பரில் இருந்து ஊர்ப்பெயர் மைசூரு. எனக்கு வாயில் மைசூர் என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் கொஞ்சம் வரலாறு. போரடிக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

1911ல் மைசூர் சமஸ்தானத்தில் ஒரு விசித்திரமான காரியம் நடந்தது. "மைசூர் எகனாமிக் கான்பரன்ஸ்" என்று ஒரு பொருளாதார மாநாட்டை ஏற்படுத்தினார்கள். ஒரு நாள் கூடி, மாலை போட்டு, டிபன் சாப்பிட்டுக் கலைகிற மாநாடு இல்லை. நிரந்தரமான அமைப்பு. விவசாயத்துக்கு ஒரு குழு, தொழில்-வணிகத்துக்கு ஒரு குழு, கல்விக்கு ஒரு குழு. அதிகாரிகள் மட்டும் இல்லாமல் வெளியாட்களும் உட்கார்ந்து பேசலாம். யோசனை விஸ்வேஸ்வரய்யாவுடையது. அப்போது அவர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் சரி என்றார். அடுத்த வருஷமே, 1912ல், விஸ்வேஸ்வரய்யா திவான் ஆகிவிட்டார். அப்புறம் வண்டி வேகமெடுத்தது. 1913ல் பாங்க் ஆஃப் மைசூர். 1916ல் மைசூர் பல்கலைக்கழகம். அதே 1916ல் மைசூர் வணிகர் சங்கம், அதாவது சேம்பர் ஆஃப் காமர்ஸ்.

இந்த அலையில்தான் 1915ல் பெங்களூரிலிருந்து "மைசூர் எகனாமிக் ஜர்னல்" என்ற ஆங்கில இதழ் வர ஆரம்பித்தது. தொழில், விவசாயம், வங்கி, வணிகம் இவற்றுக்கென்றே ஓர் இதழ்.

1915 என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்காவில் ஃபோர்ப்ஸ் பத்திரிகை வந்தது 1917ல். ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ 1922ல். பிசினஸ் வீக் 1929 செப்டம்பரில், பங்குச் சந்தை குப்புற விழுவதற்குச் சில வாரங்கள் முன்னால் (என்ன ராசி பாருங்கள்). ஃபார்ச்சூன் 1930ல், ஊரே வேலை இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, ஒரு பிரதி ஒரு டாலர் என்று விலை வைத்து.

"எல்லாம் முதலில் நம்மிடம்தான் இருந்தது" என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. லண்டன் எகனாமிஸ்ட் 1843லேயே வந்துவிட்டது. கல்கத்தாவில் வெள்ளைக்கார வியாபாரிகளுக்காக "கேப்பிட்டல்" என்ற இதழ் 1888லேயே இருந்தது. நான் சொல்ல வருவது வேறு. நம் பக்கத்து ஊர் ஒன்றில், நூறு வருஷத்துக்கும் முன்னால், வியாபாரம் என்பது எழுதிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று நாலு பேருக்குத் தோன்றியிருக்கிறது. பையன் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக் கற்றால் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

எழுதினால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். சந்தனக்கட்டையைப் பாருங்கள்.

மைசூர் சந்தனமரம் அப்போது அரசாங்கச் சொத்து. வெட்டி ஏலம் போடுவார்கள். கட்டை கப்பலேறி வெளிநாடு போகும், முக்கியமாக ஜெர்மனிக்கு. அங்கே எண்ணெய் வடிப்பார்கள். மரம் நம்முடையது, லாபம் அவர்களுடையது. 1914ல் முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மனி எதிரி நாடு. ஏற்றுமதி நின்றது. கட்டை குவிந்தது. அந்த நேரத்தில் தொழில்துறை இயக்குநராக மைசூரில் இருந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். இவர் நம்ம மெட்ராஸ் ஆசாமி. 1890களின் கடைசியில் மெட்ராஸ் கலைத் தொழிற்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்து காட்டியவர். மெட்ராஸில் அரசாங்கமே தொழில் தொடங்கிக் காட்டினால் தனியார் பின்னால் வருவார்கள் என்று இவர் சொல்ல, லண்டனில் இருந்த இந்தியா மந்திரி மார்லி பிரபு "சர்க்காருக்கு எதுக்கு வியாபாரம்" என்று 1910ல் அந்தத் துறையையே மூடச் சொல்லிவிட்டார். மெட்ராஸ் இழந்த ஆளை மைசூர் கூப்பிட்டுக்கொண்டது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எண்ணெய் வடிக்கும் பரிசோதனை நடந்தது. 1916ல் பெங்களூரில் தொழிற்சாலை, 1917ல் மைசூரில். பிறகு அந்த எண்ணெயைப் போட்டு சோப்பு. பச்சை-சிவப்புப் பெட்டியில் வரும் அந்த முட்டை வடிவச் சோப்பு இன்றைக்கும் நம் ஊர் மளிகைக் கடைகளில் கிடைக்கிறது. இங்கே ஒஹையோவில் இந்தியக் கடையிலும் கிடைக்கிறது.

இதில் சந்தனத்தை விட முக்கியமானது, "மூலப்பொருளை அப்படியே விற்காதே" என்ற பாடம். கான்பரன்ஸ் மாதிரி ஓர் இடமும் ஜர்னல் மாதிரி ஓர் இதழும் இருந்ததால், அந்த வகைப் பாடம் ஒரு அதிகாரியின் மண்டைக்குள்ளேயே செத்துப் போகாமல் பேசப்பட்டது, அச்சேறியது. அடுத்தவர் எடுத்துப் படிக்க முடிந்தது. ஒரு வியாபாரப் பத்திரிகைக்கு அதற்கு மேல் வேலை கிடையாது என்பது என் கட்சி.

பெருமை பேசியது போதும். குறையையும் சொல்லிவிடுவோம்.

மைசூர் எகனாமிக் ஜர்னல் ஆங்கிலத்தில் வந்தது. யார் படித்திருப்பார்கள்? அதிகாரி, வக்கீல், பேராசிரியர். தேவராஜா மார்க்கெட்டில் வெற்றிலையும் மல்லிகையும் விற்றவர் படித்திருக்க வழியில்லை. சயாஜி ராவ் ரோட்டில் பட்டு விற்றவரும், அவருக்குத் தறி நெய்து கொடுத்தவரும் படித்திருக்க வழியில்லை. வியாபாரத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதியது வியாபாரியிடம் போய்ச் சேரவில்லை. இந்த ஓட்டை அன்றைக்கு விழுந்தது, இன்று வரை அடைபடவில்லை.

பின்னால் வந்த கதையைப் பாருங்கள். 1961ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம். வந்தது, 1973ல் பெங்களூரில். 1976ல் ஆமதாபாத் ஐ.ஐ.எம். "விகல்பா" என்ற நிர்வாகவியல் இதழைத் தொடங்கியது. 1978ல் பிசினஸ் இந்தியா. 1981ல் பிசினஸ் வேர்ல்ட். 1992ல், தாராளமயம் வந்த அடுத்த வருஷம், பிசினஸ் டுடே. எல்லாம் ஆங்கிலம். எல்லாம் நல்ல பத்திரிகைகள்தான், நான் விரும்பிப் படித்தவன். சரஸ்வதிபுரத்தில் மூன்று பேர் சேர்ந்து தங்கிய அறையில் ஆளுக்கு ஒன்று வாங்கி மாற்றிக்கொள்வோம்.

எதற்காகப் படித்தோம்? வியாபாரம் செய்யவா? இல்லவே இல்லை. வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனிக்காரர் குரூப் டிஸ்கஷனில் என்ன கேட்பார் என்று தெரிந்துகொள்ள! மூன்று பேருமே கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். எனக்கு திண்டுக்கல்லில் இரும்புக் கடை. இன்னொருவன் வீட்டில் ஹாசன் பக்கம் காப்பிக்கொட்டை மண்டி. மூன்றாமவன் ஈரோட்டில் ஜவுளி. ஒருநாள் கூட அந்தப் பத்திரிகையில் படித்த ஒன்றை வீட்டுக்குப் போன் போட்டு "இப்படிச் செய்து பாருங்கப்பா" என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல அதில் எதுவும் இருக்கவும் இல்லை. ஆயிரம் கோடிக் கம்பெனி எப்படி இன்னொரு ஆயிரம் கோடிக் கம்பெனியை வாங்கியது என்று இருக்கும். கடன் வாங்கிப் போன மேஸ்திரி திருப்பித் தராவிட்டால் என்ன செய்வது என்று இருக்காது.

ஆக, மைசூர் ஜர்னல் அதிகாரிக்கு எழுதியது. பின்னால் வந்தவை வேலைக்குப் போகிறவனுக்கு எழுதின. கடை வைத்திருப்பவனுக்கு யாரும் எழுதவில்லை.

தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு குட்டிக்கதை, அதுவும் மைசூர்தான்.

ஆர்.கே. நாராயண் 1940களின் தொடக்கத்தில் மைசூரில் "இந்தியன் தாட்" என்று ஒரு பத்திரிகை நடத்தினார். வியாபாரப் பத்திரிகை இல்லை, இலக்கியப் பத்திரிகை. கார் விற்பனையில் இருந்த அவருடைய மாமா மெட்ராஸில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் சந்தா பிடித்துக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள், ஆயிரம் பேரிடம் பணம் வாங்குகிற திறமை! எழுத்தாளர் எழுத, விற்பனையாளர் விற்க, ஜோராகப் போயிருக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் நின்றுவிட்டது. சரக்கு நல்ல சரக்கு, வாங்கவும் ஆள் இருந்தது, ஆனால் நடத்த ஆள் இல்லை. அச்சகம், காகிதம், தேதி, தபால், கணக்கு இதையெல்லாம் மாதாமாதம் கட்டி இழுப்பது எழுத்தாளருக்குக் கைவரவில்லை.

நஷ்டத்திலும் நாராயண் லாபம் பார்த்தார். அச்சகக்காரர் அவர் மனதில் தங்கி, 1949ல் "மிஸ்டர் சம்பத்" நாவலாக வந்தார். பத்திரிகை நடத்தப் போய் அச்சகக்காரரிடம் மாட்டிக்கொள்ளும் ஒரு ஆசிரியரின் கதை அது. அந்த நாவலை 1952ல் இந்தியில் படமாக எடுத்தவர் யார் தெரியுமா? ஜெமினி எஸ்.எஸ். வாசன்.

வாசன் 1928ல் நலிந்து கிடந்த ஆனந்த விகடனை வாங்கினார். இருநூறு ரூபாய்க்கு என்று சொல்வார்கள். அவர் முதலில் எழுத்தாளர் இல்லை, விளம்பரக்காரர். எந்த வாசகருக்கு என்ன வேண்டும், விளம்பரம் கொடுப்பவருக்கு என்ன வேண்டும், இரண்டுக்கும் நடுவில் பத்திரிகையை எப்படி நிறுத்துவது என்று தெரிந்தவர். குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார், கல்கியைக் கொண்டுவந்தார், தமிழ்நாட்டையே படிக்க வைத்தார். பத்திரிகை நடத்தத் தெரிந்தவர், பத்திரிகை நடத்த முடியாமல் போனவரின் கதையைப் படமெடுத்தார்! நம் எம்.பி.ஏ. வகுப்புகளில் ஹார்வர்ட் கேஸ் ஸ்டடி எத்தனையோ நடத்தினார்கள். மைசூர் வகுப்பறையில் இருந்து நடந்து போகிற தூரத்தில் நடந்த இந்தக் கதையை ஒருவரும் சொல்லவில்லை.

சரி, தமிழ் வியாபாரப் பத்திரிகைக்கு வருவோம். அதே விகடன் குழுமம் 2005ல் "நாணயம் விகடன்" தொடங்கியது. தமிழில் பணத்தைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிற வீடுகளில் மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ், வரி என்று பேச வைத்தது. என் மாமியார் எஸ்.ஐ.பி. என்று சொல்லக் கற்றது அதில்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் பொதுவாகத் தமிழில் வரும் பண எழுத்தைப் பார்த்தால், பெரும்பகுதி சம்பளக்காரருக்கு எழுதியது. மாசம் வருகிற பணத்தை எங்கே போடுவது என்று சொல்லும். மாசம் பணம் வருமா என்றே தெரியாதவர் கடையை எப்படி ஓட்டுவது என்பதற்கு இடம் குறைவு. அப்படியே ஒரு தொழிலதிபரைப் பேட்டி எடுத்தாலும் "அம்மா நகையை அடகு வைத்தேன், உழைத்தேன், உயர்ந்தேன்" என்று முடிந்துவிடும். நகையை மீட்டது எத்தனை வருஷம் கழித்து, நடுவில் எத்தனை வட்டி கட்டினார், எந்த வருஷம் மூடிவிடலாம் என்று நினைத்தார், அது வராது.

என் அப்பா கடையைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய கடை இல்லை. ஆணி, கீல், தாழ்ப்பாள், கடப்பாரை, மண்வெட்டி, கம்பி, கொஞ்சம் பெயிண்ட். 2011ல் மூடினோம். உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் ஊரில் இல்லை. நாற்பது வருஷக் கடை, நான்கு நாளில் காலியானது. சரக்கை பக்கத்துக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அப்பாவின் சிட்டைப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் வந்தன. அதில் சிலவற்றை நான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

வெளியாள் பார்த்தால் வெறும் பற்று வரவு. எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, கட்டட வேலை நடக்காது, கம்பி விற்காது. அந்த இரண்டு மாசமும் அப்பா கம்பி கொள்முதலைப் பாதியாக்கியிருக்கிறார். ஆனால் மண்வெட்டி கடனுக்குப் போயிருக்கிறது. தை அறுப்பு முடிந்ததும் பணம் வந்திருக்கிறது. சில பெயர்களுக்கு எதிரே சின்னதாக ஒரு சுழி. அம்மாவைக் கேட்டேன். "அவுக கேட்டாலும் கடன் குடுக்கக் கூடாது, ஆனா முகத்துக்கு நேரா இல்லைன்னும் சொல்லக் கூடாது, சரக்கு இல்லைன்னு சொல்லணும்பாரு ஒங்கப்பா" என்றார். இன்னொரு பக்கத்தில் ஒரு கொத்தனார் பெயருக்கு எதிரே மூன்று வருஷப் பாக்கியைக் கோடு போட்டு அடித்திருக்கிறார். காரணம் கேட்டேன். அந்தக் கொத்தனார் வேலை செய்கிற எல்லா வீட்டுக்காரரையும் நம் கடைக்குத்தான் அனுப்புவாராம். பாக்கியை விட அது பெரிது.

வாடிக்கையாளர் மதிப்பு, கடன் அபாயம், பருவகாலக் கையிருப்பு என்று இதற்கெல்லாம் என் எம்.பி.ஏ. பாடத்தில் தனித்தனி அத்தியாயம் இருந்தது. அதை நான் ஆங்கிலத்தில் படித்து மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த அதே வாரம், அப்பா அதைத் திண்டுக்கல்லில் செய்துகொண்டிருந்தார். இருவருக்கும் அது ஒரே விஷயம் என்று தெரியாது. தெரியவைக்கிற ஒரு பத்திரிகை நடுவில் இல்லை.

ஒரு கடைக்கே இப்படி என்றால் ஓர் ஊர்த் தொழிலுக்கு என்ன ஆகும்? திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்காய்ப் பூட்டு கேள்விப்பட்டிருப்பீர்கள். கையால் செய்தது, ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்று பெயர் வாங்கியது. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டு வந்ததும் சந்தை கையை விட்டுப் போனது. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் குறியீடு கிடைத்தபோது பட்டறைகளும் கைவேலை தெரிந்தவர்களும் ரொம்பவே குறைந்துவிட்டார்கள். விலையில் போட்டி போட முடியாது என்று தெரிந்த முதல் வருஷமே "நாம் மலிவுப் பூட்டுச் சந்தையை விட்டுவிட்டு, கோயிலுக்கும் வங்கிக்கும் பெட்டகத்துக்கும் மட்டும் செய்வோமா" என்ற கேள்வியை உரக்கக் கேட்டு, பட்டறைக்காரர் எல்லாரும் படிக்கிற மாதிரித் தமிழில் எழுத ஓர் இதழ் இருந்திருந்தால்? பூட்டுத் தொழில் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பேசியாவது தோற்றிருக்கலாம்.

ஜெர்மனிக்குப் போகிற சந்தனக்கட்டையைப் பார்த்து மைசூர்க்காரர்கள் கேட்ட கேள்வியும் இதே கேள்விதான். நம்மிடம் இருப்பதை யாருக்கு, எந்த வடிவத்தில் விற்பது? அவர்களுக்குக் கேட்க ஓர் இடம் இருந்தது.

இதை ஏன் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்குச் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது.

ஒன்று, ஊரில் மூடப்படும் கடைகளில் நிறைய நம் கடைகள். பாத்திரக் கடை, மளிகைக் கடை, ஜவுளிக் கடை, அச்சகம், அரிசி ஆலை, மண்டி. அவற்றின் வாரிசுகள் நாம். டாலரிலும் திர்ஹாமிலும் டாலர் மாதிரி இன்னொரு டாலரிலும் சம்பளம் வாங்குகிறோம். நாம் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அப்பாக்களே அனுப்பி வைத்தார்கள். ஆனால் கடையோடு சேர்ந்து கடை நடத்தின அறிவும் போகிறது. அதற்கு வாரிசுச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை.

இரண்டு, நம்மில் பலர் ஐம்பது வயதில் ஊருக்குத் திரும்பி "ஏதாவது பிசினஸ்" செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வார இறுதிப் பாட்லக்கில் பாதிப் பேச்சு இதுதான். அப்படித் திரும்பியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர்கள். ஊரில் ஒரு கொள்முதல் தரகரிடமும் ஒரு மின்வாரியச் சிப்பந்தியிடமும் தோற்றுப் போனார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஹார்வர்டின் ஏழு ரகசியம் இல்லை. அப்பாவின் அந்தச் சுழி.

மூன்று, நம் பிள்ளைகள். என் மகள் பள்ளியில் எகனாமிக்ஸ் எடுத்திருக்கிறாள். லெமனேட் ஸ்டாண்ட் உதாரணத்தை வைத்து லாப நஷ்டம் சொல்லிக் கொடுக்கிறார்கள். தாத்தாவின் இரும்புக் கடையை வைத்து நான் சொல்லிக் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் தாத்தா அவளுக்குப் புகைப்படத்திலிருந்து இறங்கி ஒரு மனுஷர் ஆனார்.

எதிர்க்கட்சியின் வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"இப்போதுதான் யூடியூபில் தமிழில் எல்லாம் வந்துவிட்டதே?" வந்திருக்கிறது. பல நல்லவை. ஆனால் அங்கே தோல்விக்குப் பார்வையாளர் குறைவு. "மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கலாம்" என்பதற்குத்தான் கூட்டம். பத்திரிகைக்கும் இதே வியாதி உண்டு, மறுக்கவில்லை. விளம்பரத்தில் ஓடுகிற எதுவும் விளம்பரம் கொடுப்பவரின் தோல்வியை எழுதாது. ஹார்வர்ட் ரிவ்யூ கொஞ்சம் தப்பித்ததற்குக் காரணம், பின்னால் ஒரு பள்ளிக்கூடம் நின்றது. மைசூர் கான்பரன்ஸுக்குப் பின்னால் ஒரு சமஸ்தானம் நின்றது.

"வியாபார ரகசியத்தை யார் எழுதுவார்?" நடக்கிற கடைக்காரர் எழுத மாட்டார், நியாயம். மூடிய கடைக்கு என்ன ரகசியம்? முப்பது வருஷத்துக்கு முந்தைய கொள்முதல் விலையை வைத்து யாரும் நம்மை ஏமாற்றிவிட முடியாது. கடன்காரர் பெயர்களை எடுத்துவிட்டால் போதும். அது கண்டிப்பாகச் செய்ய வேண்டியது, அவர்கள் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்கலாம்.

"தமிழில் எழுதினால் யார் படிப்பார்?" இதற்கும் மைசூரே பதில். அங்கே 1970லிருந்து "சுதர்மா" என்று சம்ஸ்கிருத நாளிதழ் ஒன்று வெளிவந்திருக்கிறது. ஒரே தாள். பேச்சுமொழியாக மிகச் சிலர் வீட்டில் மட்டுமே இருக்கும் மொழியில் ஒரு தினசரி, தபாலில் சந்தாதாரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது! எட்டு கோடிப் பேர் பேசும் தமிழில் கடைக்காரருக்கு ஓர் இதழ் நடத்த ஆள் இல்லை என்றால், வாசகர் இல்லாதது காரணமில்லை.

என் யோசனை பெரிய பத்திரிகை தொடங்குவது இல்லை. நாராயண் கதையைச் சொல்லிவிட்டு அந்தக் குழியில் நானே விழுவேனா? நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கோயில், கல்யாணம், ஷாப்பிங் எல்லாம் போக ஒரு மதியம் ஒதுக்குங்கள். அப்பாவோ, மாமாவோ, பெரியம்மாவோ, கடை நடத்தின யாராவது ஒருவரை உட்கார வைத்து, போனில் பதிவு செய்துகொண்டு, இதைக் கேளுங்கள்:

முதல் சரக்கு யாரிடம், எத்தனை நாள் தவணையில் வாங்கினீர்கள்? முதல் போட்டன பணம் எங்கிருந்து வந்தது, எப்போது அடைந்தது? எந்த மாசம் விற்கும், எந்த மாசம் படுக்கும்? யாருக்குக் கடன் கொடுப்பீர்கள், யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள், எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கடையில் வேலை பார்த்தவர்களுக்கு என்ன சம்பளம், தீபாவளிக்கு என்ன? வராமல் போன பெரிய பணம் எது? மூடிவிடலாம் என்று எந்த வருஷம் நினைத்தீர்கள், ஏன் மூடவில்லை? வீட்டுப் பெண்கள் கடைக்குச் செய்த வேலை என்ன? (கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நாற்பது வருஷமும் ராத்திரிக் கணக்கைச் சரிபார்த்தது அம்மாதான். சிட்டையில் பாதிக் கையெழுத்து அவருடையது.)

அதை அப்படியே பத்துப் பக்கம் தமிழில் எழுதிவிடுங்கள். அலங்காரம் வேண்டாம். "உழைப்பால் உயர்ந்த உத்தமர்" வேண்டாம். எண்கள் வேண்டும், நஷ்டம் கட்டாயம் வேண்டும். பத்து வீடு எழுதினால் ஒரு இதழுக்கு ஆகும். நூறு வீடு எழுதினால் எந்த ஐ.ஐ.எம். நூலகத்திலும் இல்லாத ஒரு தொகுப்பு ஆகும்.

மைசூர்க்காரர்கள் 1915ல் சரியான கேள்வியைக் கேட்டு, கடைக்காரருக்குப் புரியாத மொழியில் அச்சடித்தார்கள். நமக்கு மொழி இருக்கிறது, அச்சகக்காரரிடம் மாட்டிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. கேட்க வேண்டியவர்களுக்குத்தான் எழுபதும் எண்பதும் ஆகிறது.

பி.கு.: என் அப்பா கடையின் 1983-84 வருஷச் சிட்டையைப் பெயர்களை நீக்கிவிட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பாதி முடிந்தது. அம்மாவின் கையெழுத்து சுலபமாக இருக்கிறது, அப்பாவுடையதுதான் கோழி கிளறின மாதிரி. உங்கள் வீட்டில் என்ன கடை இருந்தது, எந்த வருஷம் மூடினீர்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் இரண்டு வரி எழுதுங்கள்.